தடுப்புக்கு வெளியே ஒரு நடுவர்

மனித குலத்தில் கால்பார்ப்பவர் என்றோர் இனம் உண்டு. கைபார்ப்பவர் உங்கள் வருங்காலத்தைச் சொல்வார். முகம் பார்ப்பவர் உங்கள் மனத்தில் இருப்பதைச் சொல்வார். கால்பார்ப்பவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் நடப்பது நடையே அல்ல.

இந்த இனம் வேகநடைப் போட்டி நடக்கும் ஊர்களில் செழித்து வளரும். மெக்சிகோவில் எங்கள் தொலூகாவில் விசேஷமாக வளரும். நன்கு முற்றிய ஒருவரைப் பார்க்க விரும்பினால், பந்தயச் சாலையின் இரண்டாம் வளைவுக்கு வாருங்கள். மடக்கு நாற்காலி ஒன்றில், மடியில் வறுத்த பூசணி விதைப் பொட்டலத்துடன், ஒற்றைக் கண்ணை மூடி, தலையைத் தடுப்புக் கம்பியின் கீழ்க்குறுக்குக்குச் சரியாக இறக்கி, எதிரி வருகைக்குக் காத்திருக்கும் பீரங்கிபோல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் தொன் எவெலியோ; 'தொன்' என்றால் எங்கள் ஊரில் ஐயா. பூட்டு, குழாய், ஆணி விற்கும் கடைக்காரர். போட்டி நாளில் கடை கிடையாது. ஆணி வேண்டியவர்கள் மறுநாள்வரை சுவரைச் சும்மா வைத்திருக்க வேண்டியதுதான்.

வேகநடையின் சட்டம் சின்னது. எந்நேரமும் ஒரு பாதம் தரையில் இருக்க வேண்டும். முன்னால் ஊன்றும் கால், ஊன்றிய கணத்திலிருந்து உடம்பு அதற்கு நேர்மேலே வரும்வரை, முழங்கால் மடங்காமல் இருக்க வேண்டும். மீறுகிறாரா இல்லையா என்பதை நடுவர் தம் வெறுங்கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கேமரா உதவாது, கருவி உதவாது. உலகத்தின் மற்ற விளையாட்டுகளெல்லாம் கண்ணை நம்பாமல் கம்பியையும் கணினியையும் நம்பப் போய்விட்ட காலத்தில், இந்த ஒன்று மட்டும் கண்ணையே நம்பிக் கிடக்கிறது. கண் யாருக்கு இல்லை? தொன் எவெலியோவுக்கு இரண்டு இருக்கின்றன. அப்புறம் நடுவர் எதற்கு என்பது அவருடைய நியாயமான கேள்வி.

அவர் கண்ணுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. கொலம்பியக் கால்கள் அதற்குப் பறப்பதாகத் தெரியும். எக்வதோர் முழங்கால்கள் மடங்குவதாகத் தெரியும். குவாத்தமாலாக்காரர்கள் தரையைத் தொடுவதே மரியாதைக்காகத்தான் என்று தெரியும். மெக்சிகோக் கால் தெரியாது. பார்க்கவில்லை என்று பொருளல்ல. பார்ப்பார், பார்த்ததும் கண்ணில் நீர் திரையிட்டுவிடும்.

தாமும் இளமையில் ஒருமுறை இருபது கிலோமீட்டர் நடந்தவர்தான். வழியில் வெளியேற்றினார்கள். எத்தனையாவது கிலோமீட்டரில் என்பது அவர் வயதோடு சேர்ந்து வளர்ந்துவருகிறது. கல்யாணமான புதிதில் பதினொன்று என்றார். மகன் பிறந்தபோது பதினைந்து. இப்போது முடிவுக்கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் வெளியேறியிருக்கிறார்.

போட்டி இல்லாத நாளில் இந்தக் கண் சும்மா இருக்குமா? தபால்காரர் மடங்குகிறார். பாதிரியார் பலிபீடத்தின் கடைசிப் படியில் இரண்டு காலையும் தூக்கிவிடுகிறார். போன வருஷம் நண்பர் ஒருவரின் சவ ஊர்வலத்தில், பெட்டியைத் தூக்கி வந்த ஆறு பேரில் இடப்பக்கம் நடுவில் இருந்தவரை அவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். துக்கம் தாளவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் மனைவி கூக்கா மட்டும் விலாவில் இடித்து, "கிழவா, செத்தவருக்காகவாவது இன்னிக்கு லீவு குடு," என்றாள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சென்ற இளவேனிலில் இங்கே அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் நடைக் கோப்பை நடந்தது. பெண்கள் அணிப்போட்டி, ஒரு கிலோமீட்டர் வட்டம், இருபது சுற்று. ஒவ்வொரு நாட்டிலும் முதலில் வந்துசேரும் மூவரின் இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எவருக்குக் குறைவோ அவர்களுக்குக் கோப்பை. மெக்சிகோ அணியில் தொன் எவெலியோவின் அக்கா மகள் யாரெட்சியும் இருந்தாள். நான்கு வருஷமாகக் கூடவே போய், மற்றவர்களுக்குத் தண்ணீர்ப் புட்டி நீட்டி, மாற்றாளாகவே திரும்பி வந்தவள். நாட்டின் சட்டையோடு சாலையில் இறங்கியது அன்றுதான் முதல் தடவை.

பதினேழாம் சுற்றில் நிலவரம் இது: மெக்சிகோவுக்கு முதலிடமும் நான்காமிடமும் கையில். குவாத்தமாலாவுக்கு இரண்டும் மூன்றும். எட்டாவதாகக் குவாத்தமாலாவின் ஒதீலியா, ஒன்பதாவதாக, முப்பது மீட்டர் பின்னால், யாரெட்சி. கூட்டிப் பாருங்கள். இப்படியே முடிந்தால் அவர்களுக்குப் பதின்மூன்று, நமக்குப் பதினான்கு. யாரெட்சி ஒரே ஒருத்தியை முந்தினால் கணக்கு அப்படியே புரண்டு கோப்பை தொலூகாவிலேயே தங்கிவிடும்.

ஒரு சங்கடம். வெவ்வேறு நடுவர்கள் இருவரிடம் யாரெட்சி ஏற்கெனவே சிவப்பு அட்டை வாங்கியிருந்தாள். மூன்றாவது நடுவர் ஒருவரும் எழுதிவிட்டால், சாலையோரக் கூண்டில் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். இரண்டு நிமிஷத்தில் பாதிக் கண்டம் அவளைத் தாண்டிப் போய்விடும்.

அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு வந்த கூக்கா சொன்னாள்: "பிள்ளைக்கு ரெண்டு செவப்பு. இனிமே நீ வாயத் தொறக்காத. வெதையத் தின்னுட்டு கைய மட்டும் தட்டு."

"ரெண்டும் பொய் அட்டை," என்றார் தொன் எவெலியோ. "அந்தக் குவாத்தமாலாக்காரிக்கு எத்தன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லயா?" ஒரு விதை அவர் பல்லில் நொறுங்கியது. "அவ இங்க வரும்போது கொக்கு பறக்குற மாதிரி பறக்குறா. ஒண்ணுமில்லயாம்."

பக்கத்தில் துடைப்பக் கட்டையில் குவாத்தமாலாக் கொடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். ஒதீலியாவின் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார், பெயர் நேரி. இரண்டு நாள் பஸ்ஸில் வந்தவர். "கொக்குன்னு சொல்லாதீங்க, தொன் எவெலியோ. எங்க ஊர்ல அத வாத்துன்னுதான் கூப்பிடுவோம். அவ்வளவு தரையோட நடக்கும்."

"வாத்தும் பறக்கும் வாத்தியாரே."

"பறக்கும். மெக்சிகோவுக்கு வந்தா மூச்சு முட்டி எறங்கிரும். உங்க ஊர் ஒசரத்துக் காத்து அப்படி."

இந்த இடத்தில் கால்பார்ப்பவரின் மனோதத்துவத்தைச் சற்று ஆராய வேண்டும். தம் பெண் முந்தவேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு அவள் வேகமாக நடப்பது ஒரு வழி; எல்லோருக்கும் தெரிந்த, மட்டமான வழி. முன்னால் போகிறவளை நடுவர் பிடித்து நிறுத்துவது இன்னொரு வழி. அதில் நியாயமும் இருக்கிறது, தமக்கு வேலையும் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பார்? கேட்கவே வேண்டாம்.

அந்தப் பகுதிக்கு நடுவர், சிலி நாட்டுப் பெண்மணி ஒருத்தி. அகலத் தொப்பி, கையில் எச்சரிக்கை காட்டும் மஞ்சள் தட்டு. அவளுக்கு ஒதுக்கிய சாலை அடுத்த மரத்திலிருந்து இந்த வளைவு வரைக்கும். அவள் மரத்தடியிலேயே நின்றாள். யாரெட்சிக்கு இதுவரை எழுதாதவர்களில் அவளும் ஒருத்தி.

தொன் எவெலியோ கையைக் குவித்துக் கூப்பிட்டார். "அம்மா, நடுவரம்மா. கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க. இங்க விமானமே கெளம்புது, நீங்க அங்க நெழல் பாத்துட்டு நிக்கிறீங்க."

தொப்பி அசையவில்லை.

பதினெட்டாம் சுற்றில் அவர் செல்பேசியை எடுத்தார். ஒதீலியா வளைவைத் தாண்டுவதைப் படம்பிடித்து, ஆமை வேகத்துக்கு மாற்றி, வாத்தியாரின் மூக்குக்கு நேரே நீட்டினார். "பாருங்க. பாதத்துக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஒரு வெரல் போகுது. வெளிச்சம் தெரியுது பாருங்க."

நேரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். "தெரியுது. ஒரு வெரல். பின்னாடி பச்சச் சட்டையில வர்றது யாரு?"

"எங்க பொண்ணு."

"அதுக்கும் ரோட்டுக்கும் நடுவுல என் செருப்பே போகும் போலிருக்கே."

தொன் எவெலியோ படத்தை மீண்டும் பார்த்தார். பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பெரிதாக்கிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை எடுத்துத் திரையைத் துடைத்துப் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: "இந்த போன்ல வலது பக்கந்தான் சரியாத் தெரியும். இடது பக்கம் தூக்கித் தூக்கிக் காட்டும். வாங்குனப்பவே சொன்னேன், கூக்கா."

"அவ முப்பது மீட்டர் தூரத்துல இருந்தா," என்றாள் கூக்கா, சாலையைவிட்டுக் கண்ணெடுக்காமல். "இப்ப பத்து. நீ ஒண்ணும் பண்ணாம இருந்தா அடுத்த சுத்துல பிடிச்சிருவா. ஒண்ணும் பண்ணாம இருக்க உனக்குத் தெரியுமா கிழவா?"

தெரியாது. இந்த இனத்தில் ஒருவருக்கும் தெரியாது.

பத்தொன்பதாம் சுற்று தொடங்கியதும் அவர் நாற்காலியின்மேல் ஏறி நின்றார். தொப்பியைக் கழற்றி ஆட்டினார். "நடுவரம்மா, சட்டத்துக்கு நீங்க பொறுப்பு. இந்த வளைவுல ஒரு தடவ நின்னு பாத்துட்டு அப்புறம் உங்க மனசாட்சி என்ன சொல்லுதோ அதச் செய்ங்க." முப்பது வருஷமாக நடுவர்களைக் கூப்பிட்டு வருகிறார், ஒருவரும் ஒருநாளும் திரும்பியதில்லை. இந்தத் தடவை அகலத் தொப்பி நிமிர்ந்தது. மரத்தடியை விட்டாள். நிதானமாக நடந்து வந்து, தொன் எவெலியோவின் நாற்காலிக்கு நேர் எதிரே, வளைவின் உள்பக்கத்தில், தட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவருக்கு உடம்பு புல்லரித்தது. வாழ்நாளில் முதல்முறையாக அரசாங்கம் அவர் பேச்சைக் கேட்டிருக்கிறது.

ஒதீலியா வந்தாள். களைத்திருந்தாள், களைப்பு அவளைத் தரையோடு அழுத்தி வைத்திருந்தது. தார்ச்சாலையில் ரொட்டி தட்டுவதுபோல் பாதம் பாதமாகப் பதித்துக்கொண்டு போனாள். நடுவர் பார்த்தாள். அட்டையைத் தொடவில்லை.

இரண்டடி பின்னால் யாரெட்சி. அடுத்த இருபது மீட்டரில் முந்தியிருப்பாள். அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், நாற்காலிமேல் நின்று மாமா தொப்பியை ஆட்டுவதுதான். இப்போதே பாய் என்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். பாய்ந்தாள்.

அப்போது தொன் எவெலியோ பார்த்தார். கேமரா இல்லை, கருவி இல்லை. வெறுங்கண். அக்கா மகளின் இரண்டு பாதங்களும் சாலைக்கு மேலே, வெட்டவெளியில், யாருக்கும் கடன்படாமல் இருந்தன. ஒருமுறையல்ல, மூன்று முறை. கண்ணில் நீர் திரையிடவில்லை. வேண்டிய நேரத்தில் அதுவும் கைவிட்டது.

எதிரே நின்ற பெண்மணி பையிலிருந்து அட்டையை எடுத்து எழுதினாள்.

கடைசிச் சுற்றின் தொடக்கத்தில் யாரெட்சியைக் கூண்டுக்குள் நிறுத்தினார்கள். இரண்டு நிமிஷம். இடுப்பில் கைவைத்து, மற்றவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்கு பேர் போனார்கள். பதின்மூன்றாவதாக முடித்தாள். கோப்பை இரண்டு நாள் பஸ் தூரத்துக்குப் போயிற்று. நேரி வாத்தியார் கொடியை ஆட்ட எழுந்தவர், பக்கத்து நாற்காலியைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப்போய் ஆட்டினார்.

நடைபாதை விளிம்பில், தலையில் ஈரத்துண்டோடு யாரெட்சி உட்கார்ந்திருந்தாள். தொன் எவெலியோ போய் எதிரே நின்றார்.

"மாமா," என்றாள் துண்டை விலக்காமலே. "அந்தம்மா பதினெட்டு சுத்தா மரத்தடியிலதான் நின்னாங்க. யாரு கூப்பிட்டு வளைவுக்கு வந்தாங்க?"

கூக்கா வானத்தைப் பார்த்தாள்.

"வெயில் மாறிப்போச்சு," என்றார் அவர். "நெழல் தேடி வந்திருப்பாங்க."

"அந்த வளைவுல நெழலே இல்ல."

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "உன் கால் ஒட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு கண்ணு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். அந்தம்மாவுக்குப் பார்வை சரியில்ல," என்றார்.

அவள் துண்டை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "தூக்கினேன் மாமா. எனக்கே தெரிஞ்சுது. நீங்களும் பாத்தீங்க."

முப்பது வருஷ வழக்கம் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயிற்று. "பாத்தேன்," என்றார்.

"அப்ப?"

"மூணு தடவ," என்றார். அதற்குமேல் எப்படிப் போவதென்று தெரியாமல், அவள் பக்கத்தில் விளிம்பிலேயே உட்கார்ந்தார். அவள் கோபமாக இருக்க முயன்று, களைப்பில் முடியாமல், அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். அவர் மாறிவிட்டார் என்றே நானும் நினைத்தேன், நம்புங்கள். அப்போது எதிரே பதக்கம் வாங்க ஒதீலியா நொண்டிக்கொண்டு போனாள். தொன் எவெலியோவின் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"இருந்தாலும்," என்றார், "அவ எடது முழங்காலப் பாத்தியா?"

வாசகரே, இந்த இனத்தைப்பற்றி உங்களை எச்சரிப்பது என் கடமை. இதைப் படித்து வந்தபோது உங்களுக்கு ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்திருக்கும். அலுவலகத்தில் அடுத்த மேசைக்காரர். அல்லது மைத்துனர். "அச்சு அசலாக அவரேதான்" என்று சிரித்திருப்பீர்கள்; இதை அவருக்கு அனுப்பிவைத்தால் என்ன என்றுகூட யோசித்திருப்பீர்கள். அந்த முகம் உங்களுடையதாக இருந்ததா? இல்லை அல்லவா? கவலை வேண்டாம். வளைவோரத்தில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது. வந்தால் தொன் எவெலியோ சந்தோஷமாக நகர்ந்து உட்காருவார். நீங்கள் நடந்து வருவதை மட்டும், அதுவரை, கொஞ்சம் குனிந்து பார்ப்பார்.