சால்வை அண்ணனும் எங்கள் வீட்டு ஆணியும்

யாரும் கூப்பிடாத மேடையில் ஏறி, கூப்பிட்டு வந்தவர்களைவிட அதிகக் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கக்கூடிய மனிதர் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான் இருந்தார். தமிழ்நாடு என்று நிறுத்துவதுகூட அடக்கத்தினால்தான். அவரோடு ஒரே இடத்தில் வேலை பார்த்தது எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். எனக்கு வயிறுதான் எரிந்தது.

ஒரகடத்தில் கார் கம்பெனிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பு, ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் இரும்பு வார்க்கும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் நாங்கள் இருந்தோம். உலைக்குப் பக்கத்தில் அவருக்கு வேலை. மணல் சலிக்கிற இடத்தில் எனக்கு. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரை சம்பள நாளன்று கிளார்க் மட்டும் சொல்லுவார். மற்ற நாட்களில் எல்லாருக்கும் அவர் ‘சால்வை’. வயதில் மூத்தவர் என்பதால் எனக்குச் சால்வை அண்ணன்.

காரணம், அவரிடம் ஒரு சால்வை இருந்தது. அரக்கு நிறம், ஜரிகைக் கரை, நல்ல கனம். எந்த மேடையில் யார் உட்கார்ந்திருந்தாலும் ஏறிப் போய் அதைப் போர்த்திவிடுவார். போர்த்திய சால்வையைத் தலைவர்கள் உடனே கழற்றிப் பின்னால் நிற்கிறவரிடம் கொடுத்துவிடுவது வழக்கம் அல்லவா? அண்ணனின் திறமை அங்கேதான் ஆரம்பிக்கும். கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய், குவியலுக்குள் கையை விட்டு, தன்னுடையதை உருவிக்கொண்டு வந்துவிடுவார். ஓரத்தில் இரும்புப் பொறி பட்டு மிளகு அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். அதுதான் அடையாளம். பட்டிமன்ற நடுவர், கோயில் தர்மகர்த்தா, பாதிரியார் என்று எங்கள் வட்டாரத்துப் பெரிய மனிதர்கள் எல்லாரும் அந்த ஓட்டையைத் தோளில் சுமந்தவர்கள்தான்.

மேடை இல்லாத நாட்களிலும் சால்வை சும்மா இருக்காது; போர்த்தி, ஒரு கும்பிடு போட்டு, தானே எடுத்து மடித்துக்கொள்வார். விளக்கில்லாத சைக்கிளுக்காகப் பிடித்த ஏட்டையாவுக்கு நடுரோட்டிலேயே போர்த்தினார். ஏட்டையா சல்யூட் அடித்து அனுப்பிவைத்தார். மறுநாள் அதே இடத்தில் நான் விளக்கோடு போனேன். பெல் இல்லை என்று ஓரமாக நிற்க வைத்துவிட்டார். கேன்டீனில் சாம்பார் நன்றாக அமைந்த ஒரு நாள் சமையல்காரருக்குப் போர்த்தினார். அன்றிலிருந்து அண்ணன் தட்டில் இரண்டு வடை. என் தட்டில் ஒன்று, அதிலும் பாதி ஓட்டை.

நான் கூச்சப்படுகிறவன். எழுந்து நின்று பாடத்தைப் படிக்கச் சொன்னதற்காகவே ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்று எங்கள் ஊர் மணிமங்கலத்தில் சொல்வார்கள். அது முழுப்பொய் இல்லை. தொழிற்சாலையின் ஆயுத பூஜைப் படங்களில் என்னைப் பார்க்க வேண்டுமானால் யாருடைய காதுக்குப் பின்னாலாவது தேட வேண்டும்.

அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. என் மனைவி வசந்தாவின் அண்ணன், ஏதோ ஒரு கவுன்சிலரோடு கைகுலுக்குகிற படத்தைத் தன் வீட்டில் மாட்டி வைத்திருந்தார். அது அவளை என்னவோ செய்துவிட்டது. ஒரு நாள் நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது எங்கள் வீட்டுச் சுவரில் நல்ல உயரத்தில் ஓர் ஆணி இருந்தது.

“இன்னாத்துக்கு இது?” என்றேன்.

“பெரிய மன்சன் யாரோடயாவது நீ நிக்கற போட்டோ மாட்டத்தான். ஆணி ரெடி. போட்டோ எப்ப வரும்?”

“வரும், வரும்.”

“சால்வ அண்ணனப் பாத்தாவது கத்துக்கினு வாயேன். அவுரு வூட்ல ஆணி அடிக்க சொவுரே பத்தலியாம்.”

ஊரார் புகழ்ந்தால் பொறுத்துக்கொள்ளலாம். நமக்குச் சோறு போட்டுக்கொண்டே கட்டியவள் இன்னொருவரைப் புகழ்ந்தால் என்ன செய்வது? அன்று மோர்கூட எனக்குக் காரமாக இருந்தது.

தொண்ணூற்றொன்று மார்கழியில் எனக்கு ஒரு வழி பிறந்தது. எங்கள் தொழிற்சங்கம் சேர்ந்திருந்த கூட்டமைப்புக்குப் புது மாநிலத் தலைவர். பதவியேற்பு விழா ஓசூரில், ஞாயிற்றுக்கிழமை. சால்வை அண்ணன், நான், லேத் ஓட்டும் அந்தோணி, மூன்று பேரும் சனிக்கிழமை புறப்படுவதாக ஏற்பாடு. நான் யாரிடமும் சொல்லாமல் காஞ்சிபுரம் போய்ப் பச்சை நிறத்தில் ஒரு சால்வை வாங்கி, மஞ்சள் பையில் லுங்கிக்கு அடியில் ஒளித்துவைத்தேன். அண்ணனுக்கு முன்னால் நான் ஏறிவிட வேண்டும். போட்டோ எடுக்க வேண்டும். ஆணியில் மாட்ட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

வழியில் டீ குடிக்க பஸ் நின்றபோது அண்ணன் டிரைவருக்குச் சால்வை போர்த்தினார். அதற்குப் பிறகு இன்ஜின் பக்கத்து ஸ்பெஷல் சீட் அவருக்கு. நான் கடைசி சீட்டில் டயரோடு சேர்ந்து குதித்துக்கொண்டிருந்தேன்.

“டேய் ஏகா, முன்னாடி வாடா! நான் வோணா எந்துக்கறேன்!”

“இருக்கட்டும்ணே,” என்றேன். அவருடைய தயவில் உட்காருவதைவிடக் குதிப்பதே மேல்.

ஓசூர்க் குளிரை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. லாட்ஜில் அந்தோணி பாயைச் சுருட்டி அதற்குள்ளேயே படுத்தான். காலையில் அண்ணன், “சோப்பு எங்கடா?” என்று என் மஞ்சள் பைக்குள் கையை விட்டார். அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு சோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, விசிலடித்தபடி குளிக்கப் போய்விட்டார். பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாண மண்டபத்தில் விழா. புதுத் தலைவர் தூத்துக்குடிக்காரர். உறுதிமொழி படிக்கும்போது அவருக்குப் பல் தந்தியடித்தது. உணர்ச்சிவசப்படுகிறார் என்று சனங்கள் கைதட்டினார்கள். அதன் பிறகு சால்வை அணிவிக்கும் நிகழ்ச்சி. மைக் பிடித்தவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு, இதோ எழுந்திருக்கப் போகிறேன், இதோ, இதோ என்று உட்கார்ந்திருந்தேன். அதற்குள் அண்ணன் விறுவிறுவென்று போய் மைக் பிடித்தவர் காதில் ஏதோ சொன்னார். முந்திவிட்டார், படுபாவி!

“அடுத்ததாக, ஸ்ரீபெரும்புதூர் கிளையின் சார்பில் தலைவருக்குச் சால்வை அணிவிப்பவர், மணிமங்கலம் ஏகாம்பரம் அவர்கள்!”

என் பெயரை அவ்வளவு சத்தமாக நான் கேட்டதே இல்லை. வேறு யாருடைய பெயரோ போல இருந்தது.

“டேய், உன்னியத்தான்!” என்று அந்தோணி விலாவில் குத்தினான். “எந்திரிடா!”

எழுந்திருக்க நான் தயார். கால்கள் தயாரில்லை. மேடை ஓரத்திலிருந்து அண்ணன் இரண்டு கைகளாலும் வா வா என்று கூப்பிட்டார். பெயரை இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். மூன்றாம் முறையும் கூப்பிட்டுவிட்டு, மைக் பிடித்தவர் அடுத்த பெயருக்கு வாயைத் திறந்தார்.

“கீறேன், கீறேன்!” என்று என் பெயருக்கு ஆஜர் சொல்லிக்கொண்டே அண்ணன் படியேறினார். அரக்குச் சால்வையை உதறித் தலைவருக்குப் போர்த்தி, கையைப் பிடித்துக் குலுக்கி, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். பளிச்சென்று வெளிச்சம். மண்டபமே கைதட்டியது. என் பெயருக்கு விழுந்த கைதட்டலை நான் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. தலைவர் அந்தச் சால்வையைக் கழற்றவில்லை. அதற்கு முன் போர்த்தியவை எல்லாம் பேருக்குச் சால்வைகள். இதுதான் குளிருக்கு ஆகிற சால்வை. இழுத்துப் போர்த்திக்கொண்டார். அதோடு பேசினார். அதோடு சாப்பிட்டார். அதோடு காரிலும் ஏறினார். அண்ணன் காருக்குப் பக்கத்தில் ஓடினார். தலைவர் கண்ணாடியை இறக்கிக் கும்பிட்டார்.

“நல்லா கதகதன்னு இருக்கு ஏகாம்பரம்! உம்ம மறக்கவே மாட்டேன்!”

கார் போய்விட்டது. அண்ணன் கையை ஆட்டியபடியே நின்றார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. “எம் பேர்ல நீ ஏண்ணே ஏர்ன?”

“மூணு தபா கூப்டாச்சி. நாலாந்தபா எவன் கூப்டுவான்? பையில பச்சய பாத்தேன்டா. அந்த ஆணி கதய வசந்தா மாசக்கணக்கா சொல்லிக்கினுதான் கீது. நீ ஏறுவன்னுதான் உம் பேரக் குட்த்தேன். நீ இன்னாடான்னா புள்ளையாராட்டம் குந்திக்கினு கீற. பேராவது ஏறட்டும்னு தூக்கினு போனேன்.”

“உன் சால்வ போச்சேண்ணே.”

“போட்டும். அந்தாளுக்கு நல்லாத்தான் கீது,” என்று சொல்லிவிட்டு, ரோட்டைத் திரும்பிப் பார்த்தார்.

திரும்பும் பஸ்சில் அவர் என்னோடு கடைசி சீட்டில் உட்கார்ந்தார். போர்த்துவதற்கு ஒன்றும் இல்லாததால் டிரைவர் அவரைக் கண்டுகொள்ளவில்லை. கைகளை அக்குளில் வைத்து நடுங்கிக்கொண்டிருந்தார். நான் பச்சைச் சால்வையை எடுத்து அவர் தோளில் போர்த்தினேன். நான் போர்த்திய ஒரே சால்வை அதுதான். பார்த்தவர்கள் அந்தோணியும் கண்டக்டரும். கண்டக்டர் டிக்கெட் கேட்டார்.

சில வாரங்களில் சங்கப் பத்திரிகையில் படம் வந்தது. முகம் அவருடையது. கீழே ‘மணிமங்கலம் ஏகாம்பரம்’ என்று கொட்டை எழுத்து. வசந்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பேரு உன்னுது, மூஞ்சி அவுருதா?” என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு கத்தரித்து, ஃபிரேம் போட்டு, ஆணியில் மாட்டினாள். விவரம் தெரியாத விருந்தாளிகள், “அப்ப நல்லா களையா இருந்தீங்க” என்பார்கள். அதற்கும் எனக்குப் பொறாமைதான்.

போன வருஷம் சால்வை அண்ணன் இறந்துபோனார். பச்சைச் சால்வையைப் போர்த்தித்தான் படுக்க வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் வசந்தா பூச்சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு படத்தின் கீழேயே நின்றாள்.

“போடணும்னு மனசு சொல்லுது. ஆனா கீழ உம் பேரு கீதே. நீ உசுரோட கீறப்ப எப்டிப் போடறது?”

“குடு,” என்று சரத்தை வாங்கினேன்.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் மாலையைப் பார்க்கிறார்கள், பெயரைப் படிக்கிறார்கள், பிறகு மெதுவாக என் பக்கம் திரும்புகிறார்கள். நான் காபி கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் பூ மாற்றுவது என் வேலை. ஆணி உயரம் என்பதால் ஸ்டூல் போட்டுத்தான் ஏற வேண்டும். அதில் ஏற மட்டும் எனக்குக் கால் நடுங்குவதில்லை.