நெல்லிவாசல் வரை நான் சுமந்த ஹோல்டால்

பெண்டாட்டிக்கு ஓர் அத்தை மகன் இருந்து, அவன் வாட்டசாட்டமாகவும் இருந்துவிட்டால், அவனோடு சேர்ந்து எந்தப் புருஷனும் மலையேறக் கூடாது.

எழுபதுகளின் கடைசி. எங்களுக்குக் கல்யாணமான புதிது. புதூர்நாட்டில் வாத்தியாராக இருந்த சேகர், "நெல்லிவாசலு வரிக்கும் நடந்து போய்ட்டு, ராத்திரி பங்களாவுல தங்கிட்டு வர்லாம் வாங்கண்ணே" என்று கூப்பிட்டான். முறைப்படி மலரைக் கட்டியிருக்க வேண்டியவன் அவன். ஜாதகம் பொருந்தாமல் போனதால் அவள் எனக்குக் கிடைத்தாள். (அந்த ஜோசியர் நன்றாக இருக்கட்டும்.)

வழியெல்லாம் "மாமா, இது இன்னா மரம்? மாமா, அது இன்னா குருவி?" என்று அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். அவனும் சளைக்காமல் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது. என்னிடம் ஒரு செடியைக்கூடக் கேட்கவில்லை. (கேட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்தது துளசி மட்டும்தான்.)

படுக்கையும் துணியும் வைத்துச் சுருட்டிக் கட்டிய என் ஹோல்டாலுக்குச் சேகர் கை நீட்டினான். "குடுங்கண்ணே, நான் தூக்கினு வர்றேன்."

"வேணாம்பா. உன் பையையும் குடு."

யார் பலசாலி என்று மலர் பார்க்கட்டுமே! முதல் ஏற்றத்திலேயே தோள் விட்டுப்போனது. துண்டைச் சும்மாடாகச் சுருட்டி, எல்லாவற்றையும் தலைக்கு ஏற்றினேன். அடுத்து செருப்பு வார் அறுந்தது. உண்ணிச்செடி முள் சட்டையைக் கிழித்ததும் அதைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். "ஏங்க, மாமாகிட்ட ஒண்ணாவது குடுங்களேன்" என்றாள் மலர். அதற்காகவே நான் கொடுக்கவில்லை.

பொழுது சாயும்போது பங்களா வந்தது. பங்களா என்று பேர்தான். ஒரே அறை, இரண்டு கட்டில். கசங்காத துணியோடு முன்னால் போன இருவரையும் காவல்காரர் கும்பிட்டார். "வாங்க சார், அம்மாவ உள்ள கூட்டினு போங்க" என்று சேகரிடம் சொல்லிவிட்டு, பனியனும் வெறுங்காலுமாக வந்த என் பக்கம் திரும்பினார்.

"சாமான எறக்கிட்டு இப்டி வாப்பா. சாமைச் சோறு கீது. துன்னுட்டு என்னோட வெளிய படுத்துக்க."

"யோவ், நான்தான்யா புருஷன்!" என்று கத்தினேன், சுமையை இறக்காமலே.

அவர் நம்பாமல் மலரைப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பில் பேச்சு வரவில்லை. என் கல்யாணமே அவள் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. சனியன், சீக்கிரம் சொல்லேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"ஆமாங்க, அவருதான்" என்றாள் ஒருவழியாக.

காவல்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிம்மா. நீங்களே சொல்றப்போ நான் இன்னா சொல்றது" என்றார். சேகர் போய் அவரோடு வெளியே படுத்துக்கொண்டான்.

வீட்டில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை. எங்கள் மகளின் கல்யாணத்தில், ஆள் வராததால் அரிசி மூட்டையை நானே மண்டபத்துக்குள் தூக்கிவந்தேன். வாசலில் பட்டு வேட்டியோடு பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தான் சேகர். மாப்பிள்ளை வீட்டுத் தூரத்து உறவுக்காரர் ஒருவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணோட அப்பாங்களா?" என்றார்.

"அவரு இல்லீங்க!" என்று மலர் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கூவினாள். "மூட்டை தூக்கினு வர்றாரு பாருங்க, அவருதான்!"

அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சேகரின் கையையே மறுபடியும் குலுக்கினார்.