சஸ்பென்ஷன் ஆர்டர் வந்த நாள்

அரசு ஊழியன் ஒருவன் சத்தம் போட்டுச் சொல்லக் கூடாத சொல் ஒன்று உண்டு. வசவு அல்ல, வசவுகளை நாங்கள் அலுவலகத்திலேயே தாராளமாகப் புழங்குகிறோம். அந்தச் சொல் 'சஸ்பென்ஷன்'. பட்டறையில் அது காரைத் தாங்குகிற சாமான். அலுவலகத்தில் ஆளை வீட்டுக்கு அனுப்புகிற உத்தரவு. ஒரே சொல் இரண்டு இடத்தில் குடித்தனம் நடத்துகிறது என்பதை என் கல்யாணப் பேச்சு நடந்த அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதுவும் வாசற்படியில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி கத்தி.

அப்போது நான் குன்னூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். (இப்போதும் அங்கேதான். இந்தக் கட்டுரையில் கவலைப்படத் தேவையில்லாத ஒரே விஷயம் அது.) சேர்த்த பணத்தில் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தேன். சாதாரணக் கார் அல்ல. செய்தவர்களே பந்தயப் புத்தியோடு செய்து அனுப்பிய சிவப்புக் குட்டிக் கார். அதன் எஞ்சினுக்குத் துணிச்சல் அதிகம், எனக்குக் குறைவு. ஆகவே நாங்கள் இருவரும் கொண்டை ஊசி வளைவுகளில் தேயிலை மூட்டை ஏற்றிய லாரிகளுக்கு வழிவிட்டே காலத்தை ஓட்டினோம்.

காரின் சஸ்பென்ஷன் செத்துப்போயிருந்தது. முன்பக்க ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய் கசிந்து, குழியில் இறங்கும்போதெல்லாம் 'டொங்' என்று கோயில் மணி அடித்தது. ஜெகதளாவில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு நான் வருவதை, நான் வருவதற்கு முன்பே அம்மா தெரிந்துகொள்வாள்.

கோவையில் பட்டறை வைத்திருந்த பாலு அண்ணனிடம் யோசனை கேட்டேன். "நாலு வெரலு எறக்கிருவோம் தம்பி. காரு தரையை நக்கீட்டுப் போகும்" என்றார். நடுவட்டம் சாலையில் படுத்திருக்கும் மாடுகூட அப்போது என் காரைவிட உயரமாகத் தெரியும். வேண்டாம் என்றேன். அடுத்து, ஸ்பேனரால் திருகி உயரத்தை நம் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்குகிற ரகத்தைக் காட்டினார். பார்க்க வெகு அழகு. ஆனால் வழியில் போலீஸ் நிறுத்திக் கேட்டால் என்ன சொல்வது? எதிரில் வண்டியே இல்லாத சாலையிலும் இண்டிகேட்டர் போட்டுத் திரும்புகிறவன் நான். சாமான் வேகத்துக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும், சட்டத்துக்கும் உட்பட்டதாக இருக்க வேண்டும், சான்றிதழோடு வர வேண்டும், ஒரே ஒரு விரல் இறக்கினால் போதும் என்று பல வாரம் ஆராய்ந்து ஒரு செட்டைத் தேர்ந்தெடுத்து, அவரிடமே ஆர்டர் கொடுத்தேன். அதே வாரங்களில் எனக்குப் பெண்ணும் பார்த்தார்கள். அதில் இவ்வளவு ஆராய்ச்சி நடக்கவில்லை. பவித்ராவைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. (இதை இன்று அவள் மறுத்தாலும், அன்று சாட்சிகள் இருந்தார்கள்.)

காருக்குச் செலவழிக்கப் போவதை வீட்டில் சொல்லவில்லை. அப்பாவுக்கு அந்தக் காரே பிடிக்காது.

பவித்ராவின் அப்பா சின்னசாமி, தேவர்சோலைப் பக்கம் ஓர் எஸ்டேட் ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ பேருடைய சஸ்பென்ஷன் ஆர்டரைத் தன் கையாலேயே டைப் அடித்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியுடன் எங்கள் வீடு பார்க்க வந்தார். வீடு பிடித்து, சாப்பிட உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று பொருள். நனைக்காமல் எழுந்தால் அதற்கும் ஒரு பொருள் உண்டு. வீடு பிடித்துவிட்டது. இலை போட்டாயிற்று. அம்மா பாயசத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அப்போது பாலு அண்ணன் போன் செய்தார்.

எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் வாசற்படியின் இடது ஓரம். அங்கேயும் மேகம் இறங்கிவிட்டால் கத்தித்தான் பேச வேண்டும். அன்று நன்றாகவே இறங்கியிருந்தது. கூடத்தில் இருந்தவர்களுக்கு என் குரல் மட்டும் இப்படிக் கேட்டது:

"அண்ணா! சஸ்பென்ஷன் ஆர்டர் வந்துருச்சுங்களா? ரொம்ப சந்தோசமுங்க! இதுக்குத்தானுங்க இத்தன நாளாத் தவம் கெடந்தேன்!"

"ஆமாங்க, லீக் ஆனதுதானுங்க காரணம். வெளிய தெரியற வரைக்கும் நானும் கண்டுக்காம உட்டுட்டேன்."

"ரொம்ப எறக்கீறாதீங்க. ஒண்ணே ஒண்ணு எறக்குனாப் போதும்."

"சட்டப்படிதானுங்களே? ஆருமே கேள்வி கேக்க முடியாதுல்லீங்க? ஊட்ல இன்னும் சொல்லல. கல்யாணத்துக்கு முன்னாடி சத்தமில்லாம முடிச்சிரோணும்."

முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. சின்னசாமி என்னை அருகில் உட்காரவைத்து, மிக மெதுவான குரலில் கேட்டார்.

"ஏனுங்க மாப்ள, சஸ்பென்ஷனுங்களா?"

காரில் ஆர்வமுள்ள மாமனார் வாய்த்தாரே என்று எனக்குப் புல்லரித்தது. "ஆமாங்க மாமா! இன்னைக்குத்தான் உறுதி ஆச்சு."

"எத்தன நாளைக்குங்க?"

"அதெல்லாம் வருசக்கணக்காத் தாங்குமுங்க. ரெண்டு வருசம் வாரண்டியே இருக்குது."

"வாரண்டா!" என்று அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சின்னசாமி எழுந்தார். அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்து, "ஊட்டுக்குப் போயிக் கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க. மனசத் தளர உடாதீங்க" என்றார். போட்ட இலை போட்டபடி கிடந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள்.

கலந்து பேசிச் சொல்கிறோம் என்றால் என்ன என்பது எனக்குத் தெரியாதா? காருக்குக் கண்டபடி செலவழிக்கிற ஊதாரி என்று என்னை முடிவு கட்டிவிட்டார்கள் என நினைத்தேன். அவர்கள் வந்த வேன் கீழே மெயின் ரோட்டில் நின்றிருந்தது. தூறல் வேறு பிடித்துக்கொண்டது. எப்படியாவது இன்னும் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம் என்று, "நான் கார்ல கொண்டுபோயி உடறேனுங்க" என்றேன். கைதாகப் போகிறவனின் காரில் ஏறுவதா என்ற தயக்கம் அவர் மனைவியின் முகத்தில் தெரிந்தது. முழங்கால் வலி தயக்கத்தை வென்றது. அவர் பின்னால் ஏற, சின்னசாமி முன்னால் உட்கார்ந்தார்.

சிறிது தூரம் 'டொங்' மட்டும் பேசியது. பிறகு நான் மன்றாடினேன்.

"மாமா, உங்களுக்குப் பிடிக்கலீன்னா அந்தச் சஸ்பென்ஷன கேன்சல் பண்ணிரட்டுங்களா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "அது உங்க கையிலயா இருக்குது?"

"ஒரு போன் போட்டாப் போதுமுங்க."

"அவ்வளவு பெரிய எடத்துல ஆளு இருக்குதுங்களா?"

"பெரிய எடமெல்லாம் இல்லீங்க. ஒரு சின்ன ஷெட்டுதான். மழை பேஞ்சா ஒழுகும்."

அரசாங்கம் எந்த ஷெட்டிலிருந்து நடக்கிறது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வேகத்தடை வந்துவிட்டது. பேச்சு மும்முரத்தில் நான் பிரேக் பிடிக்கவில்லை. கார் பறந்து, இறங்கி, 'டொங்' என்று தன் வாழ்நாளின் மிகப் பெரிய மணியை அடித்தது. சின்னசாமியின் தலை கூரையில் மோதியது. பின்சீட்டில் ஒருவர் முருகனைக் கூப்பிட்டார்.

காரை ஓரங்கட்டினேன். அழாத குறையாகச் சொன்னேன். "பாத்தீங்களா மாமா? இதுக்குத்தானுங்க சஸ்பென்ஷன் ஆர்டர் போட்டது!"

அவர் தலையைத் தடவியபடி நெடுநேரம் என்னையே பார்த்தார்.

"காருக்கா?"

"பின்ன, எனக்கா?"

வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. சின்னசாமி கண்ணாடியைக் கழற்றினார், வேட்டி நுனியால் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். தோள் குலுங்கியபோதுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. அப்புறம் ஓர் அதிகாரியின் குரலில் ஆணையிட்டார்.

"வண்டியத் திருப்புங்க மாப்ள. எலை காயுது."

அம்மா பாயசத்தை மறுபடி சூடு பண்ணினாள். கை நனைந்தது. இலையில் உட்கார்ந்தபடியே அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "ஒரு வெரலுகூட எறக்கப்படாது. எம்பொண்ணு ஏறி எறங்கற காரு." ஒரு விரல் பதவி இறக்கம் அந்த இடத்திலேயே ரத்தானது. உயரம் பழையபடியே இருக்க, உள்ளே மட்டும் புதிய சாமான் போட்டோம். இப்போது எந்த வேகத்தடையிலும் மணி அடிப்பதில்லை. நான் வீட்டுக்கு வருவது அம்மாவுக்குத் தெரிவதில்லை.

பகலில் நான் வீட்டில் இருப்பது தெரிந்தால் போதும், மாமனார் போனில், "லீவுங்களா மாப்ள, இல்ல ஆர்டருங்களா?" என்பார். போன மாதம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. அதே வாசற்படியின் இடது ஓரத்தில் நின்று, "மாமா, புரமோஷன் ஆர்டர் வந்துருச்சுங்க!" என்று கத்தினேன். மறுமுனையில் அதே மெதுவான குரல்.

"காருக்கா?"