கண்ணாடி ஈட்டி உடைந்த விவரம்

திருத்துறைப்பூண்டி,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து.

அன்புள்ள சைபுல்லா மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஃபாஜில் எழுதுகிறேன். இங்கே உன் உம்மா நலம், வாப்பா நலம், அரிசிக்கடை நலம், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நலமில்லாதது ஒன்றே ஒன்று.

வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம். நீல டிக் விழுந்த பிறகு நீ பேசாமல் இருக்கப்போகும் அந்த இடைவெளியை என்னால் தாங்க முடியாது. நம் தெரு ஜெக்கரியா நாளை நீ இருக்கும் தோஹாவுக்குக் கிளம்புகிறார். நார்த்தங்காய் ஊறுகாயோடு இதுவும் வரும். முதலில் ஊறுகாயைச் சாப்பிடு.

மச்சான், ஈட்டி உடைந்துவிட்டது.

எந்த ஈட்டி என்று நீ கேட்டால் இதோடு எழுதுவதை நிறுத்திவிடுவேன். கேட்க மாட்டாய். ஆனாலும் நிக்காஹ், குழந்தை, வேலை என்று எத்தனையோ வந்துவிட்டன. ஒருவேளை மறந்திருந்தால்.

கடையின் பின்னறை. பில் போட உன் வாப்பா வாங்கிய கம்ப்யூட்டர், அதில் ஒரு பில்கூட விழவில்லை. தவிட்டு வாசனை. பொன்னி மூட்டைகளின் மேல் நாம் இருவர். பின்னால் முறத்தோடு உன் உம்மா, கல் பொறுக்கிக்கொண்டு. திரையில் கட்டம் கட்டமாய் ஒரு பாதாளக் கோட்டை. அதற்குள் நம் ஆள், பக்கிரி. வெறுங்காலோடு ஆட்டத்துக்குள் வந்தவன் என்பதால் அந்தப் பெயர். செத்தால் செத்ததுதான். சேமித்த ஆட்டமும் அழியும், அடுத்த தடவை கோட்டையே வேறாக இருக்கும். எத்தனை பக்கிரிகளைப் பறிகொடுத்தோம். ஒருவன் மட்டும் தாக்குப்பிடித்தான். அவனுக்குத்தான் மூன்றாம் தளத்தில் அது கிடைத்தது. கண்ணாடி ஈட்டி. எறிந்தால் எதிரே எது நின்றாலும் சாகும். ஒரே ஒரு முறை. பிறகு தூள்.

ஐந்தாம் தளத்தில் சிலந்தி வந்தது. நான் எறியலாம் என்றேன். “இதுக்குப் போயா? பெருசு ஒண்ணு வரும்டா” என்றாய். பக்கிரி விஷம் ஏறித் தப்பினான். ஏழில் பெருசு வந்தது. அரக்கன். “இதைவிடப் பெருசு வரும்டா” என்றாய். கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடினோம். பையில் அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு நம்மைப்போல் அடி வாங்கியவர்கள் கிடையாது. ஒன்பதாம் தளத்துக்கு வந்தபோது கத்தியும் போய், உயிரும் ஒரு துளி. அப்போது எதிரே வந்தது ஓர் எலி. சாதாரண எலி. ஒரு கடி கடித்தால் பக்கிரி முடிந்தான். கையில் இருப்பதோ ஈட்டி மட்டும். எலிக்குப் போய் இதையா என்று நீ தலையைப் பிடித்துக்கொண்டு யோசிக்கையில் வாசலில் கார் ஹாரன் அடித்தது. உன்னைத் திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போக.

“கை வைக்காதே. நான் வந்து பார்த்துக்கிறேன்.” நீ எனக்கு நேரில் கடைசியாகச் சொன்னது அதுதான். சலாம்கூட இல்லை.

கை வைக்கவில்லை. நாம் ஒரு கட்டம் நகர்ந்தால்தான் அந்த உலகத்தில் எலியும் நகரும். நாம் சும்மா இருந்தால் எலியும் சும்மா இருக்கும். சேமித்த ஆட்டத்தை நகல் எடுத்து வைப்பது ஏமாற்று வேலை என்று நீதான் சொல்லியிருந்தாய், அதையும் செய்யவில்லை. எம்.ஏ. முடித்து உங்கள் கடைக்கே வேலைக்கு வந்தேன். வெள்ளிதோறும் திறந்து பார்த்துவிட்டு மூடுவேன். கஜா புயலில் கடைத் தகரம் பறந்தபோது நான் முதலில் தார்ப்பாயில் சுற்றி மாடிக்குத் தூக்கியது சிபியூவைத்தான். உன் வாப்பா மழையில் நின்று கத்தினார்: “அரிசி நனையுது, இவன் டப்பாவைத் தூக்கிட்டு ஓடுறான் பாரு!” அன்று நனைந்த மூட்டைகளைப் பற்றி அவர் இன்னும் பேசுகிறார். பேசட்டும். எலி நனையவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை. கரண்ட் போய் வந்தது, ஆட்டம் பிழைத்ததா என்று திறந்து பார்த்தேன், பிழைத்திருந்தது, அதற்குள் லாரி வந்துவிட்டது, மூட்டை இறக்கப் போனேன், திரும்பி வந்தால் மாமி, உன் உம்மாதான், கையில் ஈரத்துணியோடு நிற்கிறார். திரையின் அடியில் இங்கிலீஷில் ஒரு வரி. கண்ணாடி ஈட்டி நொறுங்கியது.

“என்ன மாமி செஞ்சீங்க?”

“தூசியா இருந்துச்சுடா, துடைச்சேன். எலி தெரிஞ்சுச்சு. பதறிட்டேன்.”

“அது படத்துல இருக்குற எலி மாமி.”

“எந்த எலியா இருந்தா என்ன? பக்கத்துல மூட்டையில்ல இருக்கு.”

கீபோர்டில் எறிய ஒரு விசை, ஈட்டிக்கு ஒரு விசை, திசைக்கு ஒரு விசை. அந்தத் துணி மூன்றையும் வரிசை தப்பாமல் அமுக்கியிருக்கிறது. கத்ர், அல்லாஹ் எழுதிய விதி என்றுதான் சொல்ல வேண்டும். மாமியைக் குறை சொல்லவும் முடியாது. அரிசிக்கடைக்காரர்கள் எலியைக் கண்டால் யோசிப்பதில்லை. ஒருமுறை எலி மேல் இரும்புப் படியை வீசி உன் வாப்பாவின் முழங்காலைப் பெயர்த்தவர் அவர்.

மேற்கொண்டு பார்க்கத் தைரியமில்லை. திரையை மட்டும் அணைத்தேன்.

அன்றிலிருந்து யோசிக்கிறேன். சிலந்திக்குத் தராததை, அரக்கனுக்குத் தராததை, எலிக்குக் கொடுத்துவிட்டோம். எலி செத்திருக்கும். பக்கிரி பிழைத்திருப்பான். நீ வந்து செய்ய அங்கே ஒன்றுமில்லை.

பெருநாளுக்குப் பெருநாள் போனில் சொல்வாய்: “அடுத்த வருஷம் வந்துடுவேன், ஈட்டி பத்திரம்.” இனி பின்பாதி தேவையில்லை. முன்பாதியை மட்டும் தனியாக எப்படிச் சொல்வாய் என்று தெரியவில்லை. கஷ்டமாக இருந்தால் சொல்லாதே. உன் வாக்கிலிருந்து உன்னை விடுவிக்கிறேன்.

உன் வீட்டுக்காரி அனீஸாவுக்கு சலாம். உன் உம்மா போன் திரையில் மட்டுமே முத்தமிட்டிருக்கும் உன் மகளுக்கு என் துஆ. அல்லாஹ் உங்கள் எல்லோரையும் பத்திரமாக வைப்பானாக. ஈட்டியைவிடப் பத்திரமாக.

இப்படிக்கு,
காவல் காக்கத் தெரியாத
ஃபாஜில்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மாமி பிடுங்கிப் படித்துவிட்டார். மேலே இருப்பதையெல்லாம் அடித்துவிடச் சொல்கிறார்.

“எலிய நான் எங்கடா கொன்னேன்? கோட்டைச் சுவத்துல எறிஞ்சேன்.”

“துடைச்சேன்னு சொன்னீங்க?”

“நீங்க ரெண்டு பேரும் கத்துனதைக் கேட்டு எனக்கு ஒவ்வொரு விசையும் மனப்பாடம். அது பத்திரமா இருக்குற வரைக்கும் அவன் அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னுதான்டா சொல்வான். அரிசிக்கடைக்காரன் மவனுக்கு எலிய அடிக்க ஈட்டி எதுக்கு? வந்து கையால அடிக்கட்டும். எழுது.”

எழுதிவிட்டேன். போய்த் திரையைப் போட்டும் பார்த்தேன். பக்கிரி அதே கட்டத்தில், வெறுங்கையோடு, அதே ஒரு துளி உயிரோடு. ஈட்டியை எறிந்த அந்த ஒரு நகர்வில் எலி ஒரு கட்டம் நெருங்கியிருக்கிறது. இனி நீ நகர்ந்தால்தான் அது நகரும். எலிக்கு அவசரமில்லை மச்சான். மாமிக்கு இருக்கிறது.