ஈயத்தாளில் கட்டிய மண்

சாலையோர மண்ணில் உணவுப் பயிர் வைத்தால், அம்மண்ணின் மாதிரியை ஈரம் புகாதபடி கட்டி விவசாய அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பதில் வரும்வரை விளைச்சலை யாரும் உண்ணக் கூடாது. மலாயாவில் ஜப்பான்காரன் ஆட்சியில், செர்டாங் ஊர்ப் பக்கத்தில் இந்த விதியை நினைவில் வைத்திருந்தவன் நான் ஒருவனே. (மற்றவர்களுக்குப் பசி இருந்தது.)

அப்போது நான் ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. காலி இடமெல்லாம் பயிர் வைக்க உத்தரவு. எங்களுக்குக் கிடைத்தது லாரிப் பட்டறையை ஒட்டிய ரோட்டோரத் துண்டு. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிய கழிவையெல்லாம் பட்டறைக்காரர்கள் அங்கேதான் கொட்டியிருந்தார்கள். என் மனைவி கமலம் கீரை விதைத்தாள். அதுவும் வெட்கமில்லாமல் செழித்தது.

கமலம் பிள்ளைத்தாச்சி. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு.

"ஏங்க, ஒரு பிடி பறிச்சுக்கிறேனே?"

"ஈயம் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. பதில் வரட்டும்."

"பட்டினிக்கும் ஒரு விதி இருக்குமே, அதையும் சொல்லுங்க."

நான் அசையவில்லை. முறைப்படி ஒரு சாண் ஆழம் தோண்டினேன், நிழலில் உலர்த்தினேன், கல் பொறுக்கினேன். காகிதமே கிடைக்காத காலம். ஆபீசில் கிடந்த தேயிலைப் பெட்டியின் உள்ளே ஒட்டியிருந்த பளபளத் தாளை உரித்து, மண்ணைக் கட்டி, லாரிக்கார சோமு அண்ணனிடம் கொடுத்தனுப்பினேன்.

லாரி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் உறைத்தது. தேயிலைப் பெட்டித் தாள் ஈயத்தாள்! மண்ணில் ஈயம் உண்டா என்று கேட்டு, ஈயத்திலேயே சுற்றி அனுப்பியிருக்கிறேன்.

டயருக்குப் பதில் ரப்பர்க் குழாய் சுற்றிய சைக்கிளில் துரத்தினேன். நல்லவேளை, கரியில் ஊர்ந்து ஓடும் லாரி. பண்டார் பாரு காவல் சாவடியில் நின்றிருந்தது. "அண்ணே, பொட்டலத்தைக் குடுங்க!" என்று கத்திக்கொண்டே ஜப்பான் சிப்பாயைத் தாண்டி ஓடினேன். அவனுக்குக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் போக வேண்டும். (அந்த விதியும் எனக்குத் தெரியும்.) கன்னத்தில் ஒன்று விழுந்தது.

அண்ணன் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கிப் பிரித்தான். "ஆப்பா இனி?" என்று மலாயில் கேட்டான், இது என்ன என்று.

"தானா, துவான். வெறும் மண், ஐயா."

மண்ணுக்காக எவனாவது இப்படி ஓடிவருவானா? அபின் என்றே நினைத்திருப்பான். என் வாயருகே நீட்டி, "மக்கான்!" என்றான். தின்னச் சொல்கிறான்.

சோமு அண்ணன் குனிந்து என் காதில், "பேசாம தின்னுருங்க லா, கிராணி. வண்டிய சோதிச்சான்னா செத்தேன். அடியில கள்ள அரிசி மூட்டை" என்றார்.

தின்றேன். முறைப்படி உலர்த்தி, கல் பொறுக்கிய மண் என்பதால் தொண்டையில் சிக்காமல் இறங்கியது.

வீட்டில் கமலம் என் உதட்டைப் பார்த்தாள். "கீரைய நான் தொடக் கூடாது, மண்ண நீங்க திங்கலாமா?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இருந்தும் விடவில்லை. கீரையை வேரோடு பிடுங்கிப் புதைத்தேன். புதிய மாதிரியைத் தேங்காய்ச் சிரட்டையில் அடைத்து அனுப்பினேன். உயிர் தப்பிய சோமு அண்ணன் ஆற்றோரத்துக் கீரையாகப் பார்த்து வாரந்தோறும் கொண்டுவந்தார். கமலம் அதை உண்டுதான் மகளைப் பெற்றாள்.

இன்றும் எங்கள் வீட்டில் கீரை கடைந்தால், "அப்பாவுக்கு வேரோட வைங்கம்மா, மண் இல்லன்னா எறங்காது" என்பாள் அந்த மகள். 'இம்மண்ணில் விளைந்ததை உண்ணற்க' என்ற அலுவலகப் பதில் வந்து சேர்ந்தது, அவளுக்குக் காது குத்திய அன்று.