மேல்மாடி மகாராஜாவும் மகளின் முதல் அத்தியாயமும்

அன்பு மகளுக்கு,

உன் உடம்பும் படிப்பும் ஒருசேரச் செழிக்க வேண்டும் என்று நினைத்தபடியே பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நீ விட்டுப்போன தொட்டிச்செடியும் நலம். செடி மட்டும் கொஞ்சம் இளைத்திருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால், எல்லாம் பேசி முடித்து வைக்கப்போகும் நேரத்தில்தான் அம்மா அதை என் கையில் தருகிறாள். ஆகையால் கடிதம்.

சமூக உளவியல் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை, சாதாரண மனிதனுக்குப் புரிகிறதா பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தாய். சாதாரண மனிதன் என்றதும் என் நினைவு வந்ததே, நன்றி. முழுவதையும் படித்தேன். ஒருவர் ஆபத்தில் கிடக்கும்போது சுற்றி நிற்கிற ஆட்கள் கூடக் கூட, உதவ முன்வருபவர்கள் குறைவார்கள் என்று எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வந்தது. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளனாகவே காலம் தள்ளியவன் நான்; கூட்டத்தைப் பற்றி எனக்கே பாடமா என்று நினைத்தேன். அடுத்த பக்கத்தில் இன்னொன்று: நாம் தாமதமாக வந்தால் மழையைக் காரணம் சொல்வோம், அடுத்தவர் தாமதமாக வந்தால் அவர் குணமே அப்படி என்போம். இது உண்மை, உன் பெரியப்பாவிடம் நானே கண்டிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று தெரியவில்லை.

நம் தலைக்கு மேல் வீட்டில் தனியாகக் குடியிருப்பவரை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு வந்தவர். அச்சகத்தில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவராம். படியில் அவர் எனக்கு முன்னே இறங்கும்போதெல்லாம் பின்னாலிருந்து "வணக்கம் சார்!" என்பேன். என் குரல் உனக்குத் தெரியுமே, கடைசிப் பெட்டிவரை போன குரல். மனிதர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மேல்மாடி மகாராஜா என்று பேர் வைத்தேன். அது கட்டடம் முழுக்கப் பரவியது. எல்லாரும் அப்படியே சொல்ல ஆரம்பித்த பிறகு, அவர் திமிர்பிடித்தவர் என்பது எனக்கே இன்னும் உறுதியாகிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை காலை மாடிப்படியில் தண்ணீர் வழிந்து வந்தது. மகாராஜா வீட்டுக் கதவிடுக்கிலிருந்துதான். கட்டடமே ஏறிவந்து அந்தக் கதவுக்கு முன்னால் நின்றது: கீழ்வீட்டுப் பல் டாக்டர், குடியிருப்போர் சங்கச் செயலாளர், புதிதாகக் கல்யாணமான நீலச்சட்டைக்காரன், நான், அம்மா. ஆளுக்கு ஒரு பக்கம் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யார் முகத்திலும் பதற்றம் இல்லை. ஆகவே பதற ஒன்றும் இல்லை என்று எல்லாருமே முடிவு கட்டினோம்.

"குழாய மூட மறந்துட்டு வெளிய போயிருப்பாரு," என்றார் டாக்டர்.

"செயலாளர் சார் போன் போட்டுக் கேட்டிருப்பாரே," என்றான் நீலச்சட்டை.

"நானா? உங்கள்ல யாராவது போட்டிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்!" என்றார் செயலாளர்.

தண்ணீர் மட்டும் யாரையும் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் உன் அத்தியாயம் எனக்குப் பளிச்சென்று ஞாபகம் வந்தது. கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கத்தாதே, ஒருவரைச் சுட்டிச் சொல் என்று எழுதியிருந்தாயே! கையை நீட்டினேன். "நீலச்சட்டை! ஒன்னத்தான். ஆம்புலன்ஸுக்குப் போன் போடு. டாக்டர், நீங்க எங்கூட வாங்க."

"நான் பல் டாக்டருங்க!"

"உள்ள இருக்கறவருக்கும் பல்லு இருக்கு, வாங்க!" என்று சொல்லித் தோளால் கதவை ஓர் இடி இடித்தேன். பிளந்துகொண்டு திறந்தது.

மனிதர் குளியலறையில் விழுந்து கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. நனைந்த உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. என் மணிக்கட்டைப் பிடித்தவர், ஆம்புலன்ஸில் ஏற்றியும் விடவில்லை. ஆகையால் நானும் ஏறிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் தலைமாட்டில் நின்று, "வலிக்குதா சார்?" என்று கேட்டேன். பதில் இல்லை. இந்த நிலையிலுமா இவ்வளவு கர்வம் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. நர்ஸ் என்னைத் தொட்டு, "அவருக்குக் காது சுத்தமா கேக்காதுங்க. முன்னாடி வந்து மூஞ்சியப் பாத்துப் பேசுங்க. வாயசைவ வச்சுத்தான் புரிஞ்சுக்கறாரு," என்றாள்.

மகளே, அத்தனை வணக்கத்தையும் நான் அவர் முதுகுக்குத்தான் சொல்லியிருக்கிறேன்.

முன்னால் போய் நின்று, தொழில் பழக்கத்தில் ஒவ்வோர் எழுத்தையும் நிறுத்தி உச்சரித்து, மறுபடி கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. "பரவால்லீங்க. உங்க வாய் ரொம்பத் தெளிவா இருக்கு. நம்ம கட்டடத்துல யார் பேசுறதும் எனக்குப் புடிபடாது. நீங்க பேசுறத அப்படியே படிக்க முடியுது," என்றார். பிறகு தயங்கி, "நீங்கதான் எங்கூடப் பேசப் புடிக்காம ஒதுங்கிப் போறீங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றார். அவர் போர்வையைச் சரிசெய்தேன்.

ஆகவே என் தீர்ப்பு: உன் அத்தியாயம் சாதாரண மனிதனுக்குப் புரிகிறது, சற்றுத் தாமதமாக. வேளாவேளைக்குச் சாப்பிடு. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ கைவைப்பதெல்லாம் நன்றாக முடியட்டும் என்று எங்கள் இருவரின் ஆசியும் இத்துடன் வருகிறது.

உன் அப்பா

பின்குறிப்பு: கண்ணு, இது அம்மா. உறையை ஒட்டச் சொல்லித் தந்தார், படித்துவிட்டேன். உன் அத்தியாயத்தை முழுதாகப் படித்தது நான்தான். இரண்டாம் பக்கத்திலேயே அவர் தூங்கிவிட்டார், மீதியை நான்தான் சொன்னேன். அன்றைக்குக் கை நீட்டியதும் நான்தான். முதலில் அவரைப் பார்த்துத்தான் நீட்டினேன்: "ஏங்க, வேடிக்க பாத்துட்டு நிக்கறீங்களே, போய்க் கதவத் தொறங்க!" கதவு பூட்டியே இருக்கவில்லை. இவர் ஓடிப்போய் இடித்த வேகத்தில் உள்ளே குப்புற விழுந்தார். தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். பொய் சொல்லவில்லை, இப்படித்தான் நடந்தது என்று மனதார நம்புகிறார். அதற்கும் உங்கள் படிப்பில் ஒரு பேர் இருக்கும். அவரிடம் கேட்டுவிடாதே. தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போகிறார், யாரும் போகச் சொல்லவில்லை. இப்போது உள்ளே கண்ணாடி முன்னால் நின்று, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அகலத் திறந்து, இன்றைய செய்தித்தாளை வாசித்துப் பழகிக்கொண்டிருக்கிறார். நான் பார்த்தது தெரியாமல் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.