ஆறாம் அங்கத்தில் ஆனந்தம்

உலகத்தில் இத்தனை கண்ணீர் சிந்தப்படுவதற்கு ஒரே காரணம், துன்பியல் நாடகம் எழுதியவர்கள் ஐந்தாம் அங்கத்தோடு எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டதுதான். இந்தப் பேருண்மையை மனித குலத்துக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் வேறு யாருமல்லர். களப்போரக் கல்விக் கோட்டத்தின் பதில் பணிப்பாளர் ஜனாப் முத்தலிபு அவர்களே அவர்.

அந்தப் 'பதில்' என்ற சொல்லை அவர் நாலு வருடமாகத் தம் பெயர்ப் பலகையில் சுமந்துவந்தார். முன்பிருந்தவர் ஓய்வுபெற்றுப் போனதும் அந்தக் கதிரையில் 'தற்காலிகமாக' அமர்த்தப்பட்டவர். கதிரை நிரந்தரம், மனிதர்தான் தற்காலிகம். கலியாண வீட்டில் யாராவது "டிரெக்டர் சேர், வாங்க" என்று கூப்பிட்டால், பக்கத்தில் இருக்கிறவர் "ஆக்டிங்" என்று மெல்லத் திருத்துவார். மனைவியின் தம்பியே ஒருமுறை அப்படித் திருத்தியிருக்கிறான். அன்றைக்கு முத்தலிபு அவர்கள் புரியாணியைத் தொடவில்லை.

மேலிடம் அப்போது 'ஆனந்தக் கற்றல்' என்றொரு மகத்தான திட்டத்தை இறக்கியிருந்தது. யுத்தம் முடிந்துவிட்டது, ஆகவே பிள்ளைகள் சந்தோஷமாக இருந்தே தீரவேண்டும் என்பது அதன் தத்துவம். பாடம் முடிந்ததும் ஒவ்வொரு மாணவரும் மஞ்சள் வட்ட முகம் ஒன்றைப் பலகையில் ஒட்டவேண்டும், சிரித்த முகம் அல்லது அழுத முகம். மேலிடத்துக் குழு வந்து பார்க்கும் பாடத்தில் அழுத முகம் ஒன்றுகூட விழாவிட்டால் பதில் பணிப்பாளர் முழுப் பணிப்பாளர் ஆவார் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருந்தது. முத்தலிபு அவர்கள் இரவு பகல் பாராமல் உழைத்தார். கணித வகுப்புக்குப் பலூன் கட்டினார். வரலாற்றில் பஞ்சம் பற்றிய பாடத்துக்கு டொஃபி கொடுத்தார்.

ஆனால் குழு தேர்ந்தெடுத்ததோ, புத்தளத்துக் கரைத்தீவுப் பக்கம், யுத்தகாலத்தில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம்களின் குடியிருப்பில் உள்ள ஒரு பாடசாலையின் உயர்தர வகுப்பு 'நாடகமும் அரங்கியலும்' பாடத்தை! அங்கே முஃபீதா டீச்சர் படிப்பித்துக்கொண்டிருந்தது, ஈராயிரம் வருடமாக ஊரையெல்லாம் அழவைத்துவரும் ஒரு மேல்நாட்டு நாடகத்தை. முத்தலிபு அவர்கள் அன்றைக்கே வேனில் போய் இறங்கினார்.

"கதையச் சொல்லுங்க டீச்சர், சுருக்கமா."

"எதிரிக்கு உதவினவங்க ஊர விட்டுப் போகணும் எண்டு ராஜா கட்டளை போடுறாரு சேர். காயப்பட்ட எதிரி ஒருத்தனுக்கு அவர்ட மகளே தண்ணி குடுத்திடுறா. சொன்ன சொல்ல மாத்த ஏலாம மகளத் துரத்துறாரு. பொழுதுபட முந்தி, கையில தூக்க ஏலுமானத மட்டும் எடுத்துக்கிட்டு அவ போகணும். அவ போனதும் ராஜா நெஞ்சு வெடிச்சு விழுந்து மௌத்தாகிறாரு."

"பிறகு?"

"பிறகு ஒண்டுமில்ல சேர். அதுதான் முடிவு."

"பிள்ளைகள் அழுமா?"

"ஓம் சேர். அழத்தான் வேணும். அவலச்சுவை."

"அவலம் கிடக்கட்டும் டீச்சர். சுவையும் ஈக்குதானே? அதக் கொஞ்சம் கூட்டுங்க."

"கூட்டிக் குறைக்க இது கறியில்ல சேர்."

முத்தலிபு அவர்கள் கோபிக்கவில்லை. யோசித்தார். பெரிய மனிதர்கள் யோசிக்கும்போது நெற்றி சுருங்கும், அவருக்கும் சுருங்கியது.

"துரத்தின மகள் இப்ப எங்க?"

"தெரியாது சேர். ஊருக்கு வெளியில எங்கயோ."

"அப்ப, இடம்பெயர்ந்திருக்கா. அவ்வளவுதான் விஷயம்! இதுக்குப் போய் ஈராயிரம் வருஷமா அழுறதா? இடம்பெயர்ந்தா மீள்குடியேத்தணும். அதுக்கு மேலிடத்துச் சுற்றுநிருபமே ஈக்குது."

இப்படித்தான் ஆறாம் அங்கம் பிறந்தது. ஒரே இருப்பில், அரசாங்கத் தாளில், அவர் தம் கைப்பட எழுதினார். யுத்தம் முடிந்ததென்று முரசறைகிறார்கள். இளவரசியைத் தேடி அழைத்து வருகிறார்கள். பெரிய அதிகாரி ஒருவர் மாலையோடு வந்து ரிப்பன் வெட்டி, கூரைத் தகரம் வழங்குகிறார். எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

"ராஜாதான் மௌத்தாகிட்டாரே சேர்?" என்றார் முஃபீதா.

"மயக்கம் எண்டு போடுங்க."

"இப்படிச் செய்தா இது துன்பியலே இல்ல சேர்."

"இந்தப் பாடமே வேணாமெண்டாலும் சொல்லுங்க டீச்சர். இந்த அறைக்குக் கம்ப்யூட்டர் வரக் காத்துக்கிட்டு ஈக்குது."

முஃபீதா தம் வகுப்பிலுள்ள பிள்ளைகளை நினைத்துப் பார்த்தார். அடுத்த வருடம் பரீட்சை. தாளை வாங்கிக்கொண்டார். கலைஞர்களை இணங்க வைப்பதும் ஒரு கலைதான், அதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தருவதில்லை.

குழு வந்த அன்று மண்டபம் பூராவும் பலூன். 'பெற்றோர் ஆனந்த'த்துக்குத் தனிப் புள்ளி உண்டென்பதால் தாய்மாரையும் அழைத்து வாங்குகளில் உட்கார வைத்திருந்தார்கள். அழுத முகங்கள் முழுவதையும் முத்தலிபு அவர்கள் முன்னெச்சரிக்கையாகத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஐந்தாம் அங்கம் கொஞ்சம் ஆபத்தாகத்தான் போனது. இளவரசியாக வந்த றிஸ்லா ஒரு சிறு மூட்டையைத் தூக்கினாள், இறக்கினாள், அவிழ்த்து ஒரு சட்டையை எடுத்து வெளியே வைத்தாள், மறுபடி கட்டினாள். புத்தகத்தில் அப்படி இல்லை. வீட்டில் கேட்ட கதையை நடித்தாள் போலிருக்கிறது. பின் வாங்குகளில் முக்காட்டு நுனிகள் கண்ணுக்குப் போயின. ராஜாவாக வந்த நுஸ்கி தொப்பென்று விழுந்தான். முத்தலிபு அவர்கள் எழுந்து, "பொறுங்க, பொறுங்க, இன்னம் ஒரு அங்கம் ஈக்குது!" என்று சபையைக் காப்பாற்றினார்.

ஆறாம் அங்கத்தில் பெரிய அதிகாரியாக அவரே மேடையேறினார். ரிப்பன் வெட்டுகிற கம்பீரம் மாணவர்களுக்கு வரவில்லை என்று ஒத்திகையிலேயே தெரிந்துவிட்டது. நாலு வருட 'ஆக்டிங்' அன்றைக்குக் கைகொடுத்தது. ரிப்பனை வெட்டினார். பாடசாலை மலசலகூடத்திலிருந்து கழற்றி வந்த தகரத்தை றிஸ்லாவின் கையில் கொடுத்தார். "மகளே, உன் துயரம் இன்றோடு தீர்ந்தது! கமராவைப் பார்!" என்று முழங்கினார்.

பின் வாங்கில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பக்கத்தில் தொற்றியது. அடுத்த வாங்குக்குத் தாவியது. தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற றிஸ்லாவுக்கும் அடக்க முடியவில்லை. மயங்கிக் கிடந்த ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார். மண்டபமே சிரித்தது. குழுத் தலைவருக்குப் புல்லரித்துப் போய்விட்டது. இவ்வளவு ஆனந்தத்தை அவர் எந்தப் பாடசாலையிலும் கண்டதில்லை.

முதலில் சிரித்தவர் றிஸ்லாவின் தாய் றுக்கியா. குழுத் தலைவர் மைக்கோடு அவரிடமே போனார்.

"இவ்வளவு சந்தோஷமா சிரிச்சீங்களே, ஏன் உம்மா?"

றுக்கியா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த அங்கத்த நாங்களும் நடிச்சிருக்கம் சேர். யுத்தம் முடிஞ்சதும் எங்கட ஊர் மன்னாருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. இதே மாதிரி ரிப்பன் வெட்டினாங்க, தகரம் தந்தாங்க, போட்டோ புடிச்சாங்க. பிறகு எல்லாரும் வாகனத்துல ஏறிப் போயிட்டாங்க. பாத்தா, எங்கட காணியில காடு. கிணத்தக் காணல்ல, வீடு நிண்ட இடமே தெரியல்ல. ஏலாம திரும்பி வந்தம். 'நீங்கதான் போயிட்டீங்களே' எண்டு இங்கத்த விதானை ஊர்ப் பதிவுலயிருந்து எங்கட பேர வெட்டிட்டாரு. 'நீங்க புத்தளத்து ஆக்கள்தானே' எண்டு அங்கத்த விதானை பதிய மாட்டாராம்."

மேடையைக் காட்டினார். சிரிப்பு நின்றிருந்தது.

"தகரத்தத் தூக்கிட்டு நிக்கிறாளே என்ட மகள், அவ இப்ப எங்க போவா சேர்? ஏழாம் அங்கம் எங்க?"

முஃபீதா டீச்சருக்கு, தம்மால் ஒரு பள்ளித் தவணை முழுக்கப் படிப்பிக்க முடியாத பாடத்தை ஒரு தாய் படிப்பித்துவிட்டார் என்று பட்டது. றிஸ்லா தகரத்தை மெல்லக் கீழே வைத்தாள். குழுத் தலைவர் பதில் பணிப்பாளரைத் திரும்பிப் பார்த்தார்.

கழுத்தில் மாலையோடு நின்ற முத்தலிபு அவர்களுக்கும் ஒரு கணம் நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. அது பசி என்று உடனே கண்டுகொண்டார்.

"டீ ஆறுது!" என்றார். "எல்லாரும் கை தட்டுங்க, பாப்போம்!"

தட்டினார்கள். பலகையில் சிரித்த முகங்களே ஒட்டப்பட்டன, வேறு முகம் கொடுக்கப்படவில்லை. அடுத்த மாதமே முத்தலிபு அவர்கள் முழுப் பணிப்பாளரானார். ஆறாம் அங்கம் எல்லாப் பாடசாலைகளுக்கும் விதந்துரைக்கப்பட்டது. மேலிடத்துக்கு அனுப்பிய வெற்றி அறிக்கையில் அந்த நேர்மையாளர் றுக்கியாவின் கேள்வியை மறைக்கவில்லை. அதற்கென்றே தனியாக ஒரு வரி எழுதினார்: "பெற்றோர் நாடகத்தில் எவ்வளவு லயித்துப்போனார்கள் என்றால், இன்னும் ஓர் அங்கம் வேண்டுமென்று கேட்டார்கள்."